பூமி எத்தனை பேரைத் தாங்கும்? ஓர் ஊருணியைக் கொண்டு கணக்கிடும் முறை

பூமி எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்விக்கு அறிஞர்கள் தந்த விடைகளில் பெரும்பாலானவை 400 கோடிக்கும் 1,600 கோடிக்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. இவ்வளவு பெரிய வேறுபாடு எப்படி வருகிறது என்பது, இராமநாதபுரம் கடலோரத்தில் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு நாமே கணக்குப் போட்டால் விளங்கிவிடும். இங்கே நிலத்துக்கு முன்பே தண்ணீர் தீர்ந்துவிடுவதால், கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். எது முதலில் தீர்கிறதோ, அதுவே எல்லை.

ஊரகக் குடிநீர்த் திட்டங்கள் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வகுத்திருக்கின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 லிட்டர். அடுத்து, ஊருணிக்குத் தண்ணீர் வரும் பரப்பை அளந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இம்மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர் என்பதால், ஒரு ஹெக்டேரில் 80 லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் கால் பங்கு வரத்துக்கால் வழியே ஊருணியை அடைந்து, அதிலும் பாதி வெயிலுக்கும் மண்ணுக்கும் போய்விடுவதாகக் கொண்டால், மிஞ்சும் 10 லட்சம் லிட்டர் 50 பேருக்குக் காணும். நகரத்து அளவான 135 லிட்டரை வைத்தால் 20 பேருக்குத்தான் காணும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் 10 லிட்டர் என்று சுருக்கினால் 270 பேருக்கு மேல் வரும். ஆகவே, எப்படிப்பட்ட வாழ்க்கைக்கு என்று சொல்லாமல் யாராவது ஓர் எண்ணை மட்டும் சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

இதே கணக்கை வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டின் மழையளவைக் கொண்டும் போடுங்கள். சராசரியை நம்பிக் குடியேறியவர்கள், பொய்த்த ஆண்டில்தான் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

நிலத்தடி நீரைச் சேர்க்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். கடலோர மணலில் ஊற்றுத் தோண்டும் பெண்கள், ஊறி வருவதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிவிட்டு, மறுபடி ஊறும் வரை காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. எடை குறைந்த நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. மோட்டார் வைத்து இறைத்து அதன் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறக்கூடும். எனவே ஆண்டுதோறும் மழையால் ஊறுவதை மட்டுமே வரவாக எழுதுங்கள். சேமிப்பில் கை வைக்காதீர்கள். மீனுக்கும் இப்படித்தான்: ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விட்டும் மீன்வளம் குறைந்துகொண்டே போனால், பிடிபடும் மீன் முழுவதையும் வரவாகக் கொள்ள முடியாது.

வெளியிலிருந்து வருவதைத் தனியாக எழுதுங்கள். இம்மாவட்டத்தின் பல ஊர்கள் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே காவிரி நீரைக் குடிக்கின்றன. அதையும் உள்ளூர் வரவில் சேர்த்தால், காவிரிக் கரையில் கணக்கிடுபவர் அதே நீரை இரண்டாம் முறை எண்ணிவிடுவார். உலகக் கணக்கிலும் இதே பிழை நேர்ந்திருக்கிறது. 1679-இல் நுண்ணோக்கியால் நுண்ணுயிர்களைக் கண்ட டச்சு அறிஞர் லேவன்ஹூக், பூமி தாங்கக்கூடிய மக்கள்தொகையை, ஹாலந்தின் மக்கள் நெருக்கத்தை உலகின் வாழத்தக்க நிலப்பரப்போடு பெருக்கி, ஏறத்தாழ 1,340 கோடி என்று கணித்தார். ஆனால் அந்த ஹாலந்து பால்டிக் கடலின் கரையிலிருந்து தானியம் வாங்கி உண்டுகொண்டிருந்தது. பூமிக்கோ தானியம் அனுப்ப வேறு கரை கிடையாது.

விடையை எழுதும்போது எண்ணுக்குப் பக்கத்திலேயே ஆளுக்கு எத்தனை லிட்டர், எந்த ஆண்டின் மழை, வெளிநீர் சேர்ந்ததா என்ற மூன்றையும் குறித்துவிடுங்கள். கிராம சபையில் வைக்கும்போது முதலில் கேட்கப்படுபவை அவையே.