உப்புக்காற்றில் புதுக் கார்: முதல் ஆயிரம் கிலோமீட்டரும் வாரச் சோதனையும்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், மண்டபத்திலோ கீழக்கரையிலோ பத்து வருடம் ஓடிய காரைக் குனிந்து பாருங்கள். எஞ்சின் இன்னும் நன்றாகவே ஓடும். ஆனால் கதவின் அடிவிளிம்பு பொரிந்திருக்கும், சைலன்சர் கிளாம்ப் அரித்திருக்கும், பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகரத்தில் விரல் நுழையும் ஓட்டை விழுந்திருக்கும். கம்பெனி கொடுக்கும் கையேடு நாடு முழுவதற்கும் பொதுவாக எழுதப்பட்டது. கடலை ஒட்டி வாழ்கிறவர்கள் அதில் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, அதற்கு மேலும் சிலவற்றைச் செய்தாக வேண்டும். எஞ்சினைப் பழக்குவது ஒன்று, உப்பைத் தங்கவிடாமல் பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் வண்டி வீட்டுக்கு வந்த நாளிலேயே தொடங்கிவிடுங்கள்.

வண்டியை எடுக்கும் நாளில்

முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் தயாரானது. நான்கு டயரோடு ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். யார்டு வெயிலில் நெடுநாள் கிடந்த டயராக இருந்தால் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள். வண்டியை எடுத்த பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். லாரியில் வரும் வண்டிகளுக்குக் காற்றை அதிகமாக ஏற்றி வைப்பதுண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 30 முதல் 35 பி.எஸ்.ஐ.-க்குள் வரும். ஜாக்கி, வீல் ஸ்பானர், இழுக்கும் கொக்கி, முக்கோணப் பலகை நான்கையும் கையால் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள்.

பூஜைக்கு பானெட்டில் போட்ட மாலையை வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள். உதிரும் இதழ்கள் வைப்பருக்குக் கீழே உள்ள கருப்புச் சல்லடை வழியே இறங்கி, மழைத்தண்ணீர் வடியும் வாயை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் ஏ.சி. காற்று இழுக்கும் பாதையில் புகுந்து முன்சீட்டின் கால்மிதியை நனைக்கும். காரணம் தெரியாமல் பட்டறை பட்டறையாக அலைகிறவர்கள் உண்டு. மஞ்சளும் குங்குமமும் வெள்ளைப் பெயின்ட்டில் கறை பிடிக்கும் என்பதால் அன்றே ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

அடிப்பகுதிக்குத் துருத்தடுப்புப் பூச்சு போடுவதாக இருந்தால் ஓட்டத் தொடங்கும் முன்பே போடுவது நல்லது. ஓட்டிய பிறகு போடுவதானால் அடியை நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்ட பிறகுதான் போட வேண்டும். உப்பின் மேல் பூச்சு ஏறினால் உள்ளே ஈரம் சிறைப்பட்டு, பூச்சு இல்லாத வண்டியைவிட வேகமாகத் துருவேறும். கதவு அடியிலும் படிக்கட்டுப் பகுதியிலும் உள்ள வடிகால் துளைகளைப் பூச்சு மூடிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் பழகும் காலம்

புது எஞ்சினில் சிலிண்டரின் உட்சுவர் முழு வழவழப்பாக இருக்காது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். பிஸ்டன் ரிங்குகள் அந்தக் கீறல்களின் முனையைத் தேய்த்துச் சுவரோடு பொருந்த வேண்டும். ரிங்கை வெளியே தள்ளிச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். அதனால்தான் இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் சூடு அதிகமாகி ரிங்கும் சுவரும் உரசிப் புண்ணாகும். பயந்து பயந்து மெதுவாகவே ஓட்டினால் ரிங் சரியாக அழுந்தாமல், சுவரில் ஆயில் பளபளவென்று படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை வருடமானாலும் வண்டி ஆயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் எஞ்சினை 3,000 ஆர்.பி.எம்.-க்குள்ளும் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) டீசலை 2,500-க்குள்ளும் வைத்து, முதல் 1,000 கிலோமீட்டரை ஓட்டலாம். வேகம் 80-ஐ ஒட்டி இருந்தால் போதும். மேல் கியரில் 35-இல் திணறவிடுவதும் கெடுதல்தான். எஞ்சின் முக்கினால் உடனே ஒரு கியர் இறக்குங்கள்.

இந்த மாவட்டத்துச் சாலைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வழியாக மண்டபம் போகும் தேசிய நெடுஞ்சாலையும், சாயல்குடிப் பக்கமிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் தட்டையாகக் கிடக்கின்றன. மேம்பாலங்களையும் பாம்பன் பாலத்தையும் விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது கியரில் 80-இல் வைத்துவிட்டால் காலை அசைக்கவே வேண்டியதில்லை. பழகும் எஞ்சினுக்கு இப்படி ஒரே வேகத்தில் ஓடுவதுதான் ஆகாது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை, பின்னால் வண்டி இல்லாதபோது, 50-க்கு இறங்கி நான்காவது கியரில் சீராக 80 வரை ஏற்றுங்கள். பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே வேகம் குறையவிடுங்கள். அழுத்தமும் தளர்வும் மாறி மாறிக் கிடைக்க வேண்டும். பரமக்குடி வரை போய் ஊருக்குள் நுழைந்து வருவது, நேர்ச்சாலையில் ராமேஸ்வரம் போய் வருவதைவிட இதற்கு ஏற்றது. குரூஸ் கன்ட்ரோல் இருந்தால் இந்த ஆயிரம் முடியும்வரை தொடாதீர்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு மெதுவாகக் கிளம்பினால் போதும். பத்து நிமிடம் நிறுத்தி வைத்து உறுமவிடுவது பழைய பழக்கம், பயனில்லை. பிரேக் பேடுகளும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்த 300 கிலோமீட்டராவது ஆகும். அதுவரை முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இருமடங்கு இடைவெளி விடுங்கள். புது டயரின் மேல்தோலிலும் வழுக்கல் இருக்கும், அது தேய்ந்து போகவும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். எலக்ட்ரிக் காருக்கு ரிங் கவலை கிடையாது. பிரேக்கும் டயரும் பற்றிச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

ஆயிலை 500 கிலோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுக்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. தொடக்கத்தில் சிறிது குறைவது இயல்பு. எண்ணெயோடு கலக்கும் மருந்து என்று பாட்டிலில் விற்பதெதையும் ஊற்றாதீர்கள், ரிங் பொருந்த வேண்டிய நேரத்தில் வழுக்கலைக் கூட்டுவது நேர் எதிரான வேலை.

உப்பை விரட்டுவது

கடல் காற்று கொண்டுவரும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைசலாக மாறிவிடும். இந்தக் கரையில் இரவெல்லாம் அந்த நிலைதான். மழையே இல்லாத மாதத்திலும் உங்கள் காரின் அடித்தகரம் ராத்திரி உப்புத்தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. ஷாம்பூவும் பாலிஷும் இதற்கு மருந்தாகாது, உப்பைக் கரைத்து வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும்.

இங்கே பல வீடுகளில் போர் தண்ணீரே சவராக இருக்கும். அதை வைத்துக் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு தெரியும். குடிதண்ணீரை ஹோஸில் கொட்டவும் மனம் வராது, கொட்டவும் கூடாது. 20 லிட்டர் வாளி இரண்டு இருந்தால் போதும். முதல் வாளியைச் சக்கர வளைவுகளின் உள்பக்கம், கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, முன் கிரில் மூன்றுக்கும் குவளையால் அடித்து ஊற்றுங்கள். இரண்டாவது வாளி மேல்பகுதிக்கு. ஊற வைத்துத் துணியை அலசி அலசித் துடையுங்கள். காய்ந்த துணியால் தூசி தட்டினால் மணலும் உப்புப் பரலும் பெயின்ட்டைக் கீறும், அந்தக் கீறலில்தான் துரு முளைக்கும். வாரம் ஒருமுறை இதைச் செய்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாட்டர் வாஷில் ஜாக்கியில் ஏற்றி அடியைக் கழுவச் சொல்லுங்கள். அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

மாதம் ஒருமுறை நான்கு கதவையும் திறந்து, அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். சேறு அடைத்திருந்தால் தண்ணீர் பழுப்பாக வடியும். கல் தெறித்துப் பெயின்ட் போன புள்ளிக்கு டச்-அப் பெயின்ட்டை அந்த வாரமே வையுங்கள். கடலை ஒட்டி நிறுத்துகிறவர்கள் துணிக் கவர் போடுவதைவிட மேற்கூரை உள்ள இடம் தேடுவது நல்லது. காற்றில் ஆடும் கவர் உப்பைத் தேய்த்துக்கொண்டே, ஈரத்தையும் உள்ளே பிடித்து வைக்கும்.

மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. ஐஸ் உருகி வடிவது உப்புத்தண்ணீர். டிக்கி விரிப்பைத் தாண்டி ஸ்டெப்னி குழிக்குள் தேங்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, வாடை மட்டும் வரும். ஸ்டெப்னியைக் கழற்றி, குழியில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, அடியிலுள்ள ரப்பர் மூடியைத் திறந்து உலரவிடுங்கள்.

வாரச் சோதனை

காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வண்டிக்கு அடியில் தரையைப் பார்ப்பதில் தொடங்குங்கள். நிறமில்லாத தண்ணீர் என்றால் முதல்நாள் ஓடிய ஏ.சி.யிலிருந்து வடிந்தது, கவலை இல்லை. பச்சையோ சிவப்போ கலந்து பிசுபிசுத்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். பழுப்பு அல்லது கருப்பு என்றால் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

டயரைச் சுற்றிக் கையால் தடவுங்கள். சீமைக்கருவேல முள் டியூப்லெஸ் டயரில் ஏறினால் காற்று நாள்கணக்கில் மெல்ல இறங்கும். முள் தெரிந்தால் பிடுங்காதீர்கள், பஞ்சர் கடை வரை அதுவே அடைப்பாக இருக்கும். ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு 3 பி.எஸ்.ஐ. குறைந்தால் வால்விலும் சோப்புநீர் தடவிப் பாருங்கள். பக்கச்சுவரில் வெட்டு விழுந்தால் ஒட்டு போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்குங்கள்.

பானெட்டுக்குள் கூலண்ட் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் கம்பெனி சொன்ன கூலண்டையே ஊற்றுங்கள். அவசரத்துக்குக்கூடப் போர் தண்ணீர் வேண்டாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து, கோடையில் வண்டி கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். பேட்டரி முனையில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி பூத்திருந்தால் எதிர்முனையை (மைனஸ்) முதலில் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கலந்து பிரஷால் தேய்த்து, உலர்ந்த பின் மாட்டி, வாஸ்லின் பூசுங்கள். ஓடாமல் ஓய்ந்து நிற்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே போனால் சோதிக்கக் கொடுங்கள்.

பிரேக் சோதனை எளிது. எஞ்சின் அணைந்திருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் கெட்டியாகும். அப்படியே அழுத்தி வைத்து ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழிறங்க வேண்டும்; இறங்கினால் மிதிக்கு வலுக்கூட்டும் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. மேலும் அரை நிமிடம் அழுத்தியிருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிவு, ஓட்டாதீர்கள். காலையில் டிஸ்க்கில் தெரியும் செம்பழுப்புத் துரு முதல் சில மிதிப்பில் போய்விடும், பயப்பட வேண்டாம். வெளியூர் போய் வாரக்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.

பாம்பனும் தனுஷ்கோடியும்

பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று திடீரென்று தள்ளும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து 50-க்குள் போங்கள். பஸ்ஸைத் தாண்டும் கணத்தில் காற்று நின்று மறுபடி அடிக்கும் என்பதை எதிர்பார்த்திருங்கள். ரயில் பாலத்தைப் பார்க்க நடுவில் நிறுத்துகிறவர்களும் இருப்பார்கள்.

அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலை வாரிப் போட்டிருக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாலையை விட்டு மணலில் இறக்கவே வேண்டாம். சிக்கிக்கொண்டால் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற இன்னும் புதையும், கிளட்ச்சும் கருகும். சக்கரத்துக்கு முன்னுள்ள மணலை அள்ளி, கால்மிதியை அடியில் செருகி, காற்றை 20 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கி, இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். தார்ச்சாலை ஏறியதும் மெதுவாக ஊர்ந்து போய் முதல் வேலையாகக் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். முன்கண்ணாடியில் படியும் உப்புப் படலத்தை உலர்ந்த வைப்பரால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிய பிறகு ஓடவிடுங்கள். அன்று மாலையே வாளிக் குளியல்.

பருவமழைக்கு முன்

புரட்டாசியிலேயே வைப்பர் ரப்பரை மாற்றிவிடுங்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் தண்ணீரைத் தள்ளும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறியது 155-லேயே கொதிக்கக்கூடும். அப்போது பெடல் வெறுமையாக இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதை இந்தக் கரையில் தள்ளிப்போடாதீர்கள்.

தேங்கிய தண்ணீரைத் தாண்டினால் உடனே லேசாகப் பிரேக்கை மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டி உலரவிடுங்கள். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், செலவு எஞ்சின் மாற்றும் அளவுக்குப் போகும். சாவியை எடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளி மேட்டில் நிறுத்தி, பேட்டரி எதிர்முனையைக் கழற்றி, பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போங்கள். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-க்கு அழைக்கலாம்.