வைப்பின் கடற்கரை மணலில் கார் புதைந்தால்

பாலக்காட்டிலிருந்து ஒரே நாளில் கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவு போய்வருகிறவர்கள் செராய், முனம்பம் பக்கம் மணலோரம் வண்டியை விடுவது வழக்கம். முன்சக்கரம் சும்மா சுற்றினால் உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிட்டால் பாடு பெரும்பாடு.

எல்லாரும் இறங்கட்டும், டிக்கிச் சாமானும்தான். எனக்குக் கைகொடுத்தது டயர் காற்றைக் குறைத்தது: 33 பிஎஸ்ஐயிலிருந்து 18. வால்வு மூடியைக் கழற்றி, நடு ஊசியைச் சாவி முனையால் அழுத்தினால் போதும். டயர் பரந்து மணலைப் பிடிக்கும். 15க்குக் கீழே போகாதீர்கள், ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடலாம்.

முன்சக்கரங்களுக்குப் பின்னால் மணலை வாரி, கால்மிதி மேட்டைச் செருகி, ஸ்டியரிங்கை நேராக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெல்ல எடுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுற்றினால் தானே வேகத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். மேட் முன்பக்கமாகப் பறக்கும். தள்ள ஓடிவரும் சேட்டன்மார் சக்கரத்துக்கு நேரே நிற்க வேண்டாம். (கேட்காமலே வருவார்கள்!)

தார் ரோட்டில் ஏறியதும் 12 வோல்ட் பம்ப்பால் பழைய அளவுக்குக் காற்றடியுங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். வீடு வந்ததும் அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சி உப்பைக் கழுவிவிடுங்கள்.