எக்ஸ்எம்எல் கோப்பில் எந்த வெற்றிடத்தை நீக்கலாம்?

எக்ஸ்எம்எல் என்பது தரவைக் குறிச்சொற்களுக்கு நடுவே இட்டு எழுதும் கோப்பு முறை. இந்தச் சிறு கோப்பைத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள். குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாம், எக்ஸ்எம்எல் அதற்குத் தடை சொல்வதில்லை.

<பயணம்>
  <ஊர்>மதுரை</ஊர்>
  <நாள்>வெள்ளி</நாள்>
</பயணம்>

படி 1: எண்ணிப் பாருங்கள்

பைத்தான் நிரல்மொழியில் எக்ஸ்எம்எல் படிக்க உதவும் மினிடாம் கொண்டு கோப்பைத் திறந்து, ‘பயணம்’ என்பதற்குள் நேரடியாக எத்தனை கணுக்கள் (குறிச்சொல் பகுதிகள், உரைத் துண்டுகள்) என்று கேளுங்கள். இரண்டை எதிர்பார்ப்பீர்கள், ஐந்து என்று விடை வரும். அழகுக்காக நாம் விட்ட வரிமுறிவும் உள்தள்ளலும் மூன்று உரைக்கணுக்களாக உட்கார்ந்திருக்கின்றன. முதல் கணுவைக் கேட்டால் ஊர் வராது, வெற்றிடம்தான் வரும். புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். இது பிழையன்று. குறிச்சொல் அல்லாத எல்லா எழுத்துகளையும் பார்சர், அதாவது கோப்பைப் படித்துப் பிரிக்கும் மென்பொருள், நம் நிரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 விதி. எதை எறிவது என்பது நம் பாடு.

படி 2: எறியுமுன் ஒரு கேள்வி

குறிச்சொற்களுக்கு நடுவே சொற்கள் வரக்கூடிய இடமா இது? ‘பயணம்’ அப்படிப்பட்டதன்று, தாராளமாக நீக்கலாம். இதைப் பாருங்கள்:

<வரி>நாளை <ஊர்>மதுரை</ஊர்> <இடம்>மாட்டுத்தாவணி</இடம்> வருகிறேன்</வரி>

வெற்றிடம் மட்டுமே உள்ள கணுக்களை இங்கே நீக்கினால் ‘மதுரைமாட்டுத்தாவணி’ என்று ஒட்டிக்கொள்ளும். ஒரு முகவரிப் பட்டியலை இப்படிக் கெடுத்துவிட்டு, இரவு முழுக்கக் கையால் பிரித்திருக்கிறேன்.

படி 3: நான்கே எழுத்துகள்

எக்ஸ்எம்எல் கணக்கில் வெற்றிடம் என்பது யூனிகோடில் 32, 9, 10, 13 ஆகிய எண்களுக்குரிய இடைவெளி, டேப், இரண்டு வரிமுறிவு எழுத்துகள். வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வரும் 160 (வரி முறியாத இடைவெளி) இதில் சேராது. உரையின் இரு முனை வெற்றிடத்தையும் நீக்கும் பைத்தானின் ஸ்ட்ரிப் அதையும் விழுங்கிவிடும். எனவே நீக்க வேண்டிய நான்கையும் நீங்களே குறிப்பிட்டுக் கொடுங்கள்.

பண்புக்கூறுகளில் (தொடக்கக் குறிச்சொல்லுக்குள் பெயரும் மதிப்புமாக எழுதுபவை) பார்சரே கைவைக்கும்: அங்கே நேரடியாக இட்ட வரிமுறிவு இடைவெளியாகிவிடும். பல வரி முகவரியைப் பண்புக்கூறில் வைக்காதீர்கள்.

படி 4: அழகுபடுத்தும் கருவிகள்

உள்ளபடி காக்க வேண்டிய பகுதிக்கு எக்ஸ்எம்எல்:ஸ்பேஸ் (xml:space) என்ற பண்புக்கூறில் ‘பிரிசர்வ்’ (preserve) என்று மதிப்பு இடலாம். ஆனால் அது வேண்டுகோள் மட்டுமே. வரிமுறிவும் உள்தள்ளலும் சேர்த்துத் தரும் மினிடாமின் அழகுபடுத்தும் வசதி அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முதல் கோப்பை அதில் கொடுத்துச் சேமித்து, சேமித்ததை மீண்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வெற்று வரிகள் பெருகும். படி 2இல் நீக்கலாம் என்று முடிவான கணுக்களைக் களைந்த பிறகே அழகுபடுத்துங்கள். ‘வரி’ போன்றவை உள்ள கோப்பை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.