பணம் கட்டும் முன் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

இணையவழியில் சமூகப்பணி அல்லது மனிதச் சேவைப் பட்டம் படிக்கச் சேருகிறீர்களா? பதிவுக் கட்டணம் கட்டும் முன், மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் இணையத்தளத்தில், அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிடும் எம்கியூஆர் பதிவேட்டில் அந்தப் படிப்பைத் தேடுங்கள், கட்டணமில்லை. பட்டத்தின் பெயர் விளம்பரத் தாளில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா, கற்பிக்கும் முறை என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, படிப்புவாரியாகத்தான் வழங்கப்படுகிறது. வகுப்பறையில் நடத்தப் பதிவான படிப்பு, திறந்த தொலைநிலைக் கல்விக்கும் பதிவாகியிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ‘எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது’ என்று முகவர் சொல்வது உங்கள் கேள்விக்குப் பதிலே அல்ல. அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னில் கடன் வாங்க நினைப்பவர்கள் பதிவேட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பினாங்கின் வவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை தொலைநிலைக் கல்விக்கென்றே இருப்பவை. அங்கும் படிப்பின் பெயரைத் தேடிவிடுவதே நல்லது. சில நிமிட வேலை, ஆயிரக்கணக்கான ரிங்கிட் விவகாரம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக இணையவழி சேருபவர்களுக்கு இந்தத் தேடல் உதவாது. அரசு வேலை நோக்கமென்றால் அந்தப் பட்டம் ஏற்கப்படுமா என்று தனியே கேட்டறிய வேண்டும். உளவள ஆலோசகராகத் தொழில் செய்ய விரும்புவோருக்கு அங்கீகாரம் பெற்ற பட்டம் மட்டும் போதாது: 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி தனியே பதிவு செய்ய வேண்டும். மன உளைச்சலில் இருப்பவர்களுக்குச் செவிகொடுக்கும் பெஃப்ரெண்டர்ஸ் போன்ற அமைப்பில் தொண்டூழியம் செய்வது மட்டுமே எண்ணம் என்றால் பட்டமே தேவையில்லை, அவர்களே பயிற்சி தருகிறார்கள்.