எலும்போடு இருக்கும் கறியைக் கூச்சமில்லாமல் சாப்பிடுவது எப்படி?

எலும்பில்லாத கறியை ஒரு பிடி பிடிக்கிறவர்களில் பலர், அதே கறி முழுக் காலாகவோ இறக்கையாகவோ தட்டில் வந்தால் தயங்கிவிடுகிறார்கள். சிலருக்கு அது அருவருப்பு. சிலருக்கு எப்படிப் பிடிப்பது, எங்கே கடிப்பது என்று தெரியாத கூச்சம். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் "இதையா ஒதுக்குகிறாய்?" என்று கேட்டுவிட்டால் போதும், அப்புறம் அந்தத் துண்டின் பக்கமே கை போகாது. அப்படித் தயங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோழியை வைத்தே விளக்குகிறேன். அதில் கை பழகிவிட்டால் மற்ற கறி எளிது.

படி 1: எது உறுத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள்

"எலும்பு பிடிக்காது" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று உறுத்துகிறது. ஒருவருக்கு எலும்போரத்தில் தெரியும் சிவப்பு. இன்னொருவருக்குப் பல்லில் நெறுநெறுவென்று படும் குருத்தெலும்பு. வேறொருவருக்கு விரலெல்லாம் எண்ணெயாவது. பலருக்கு இதெல்லாம் கூட இல்லை. இது ஓர் உயிரின் கால் என்பது கண்ணுக்கு நேராகத் தெரிகிறதே, அதுதான்.

கடைசியாகச் சொன்னதற்கு வெட்கப்படவே வேண்டாம். 2016இல் ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வில், சுட்ட பன்றியின் படத்தைத் தலையோடு பார்த்தவர்களுக்கு, தலையில்லாமல் பார்த்தவர்களைவிட அதைச் சாப்பிடும் விருப்பம் குறைவாக இருந்தது. கறி சாப்பிடுகிறவர்களிடம்தான் இதைச் சோதித்தார்கள். விலங்கின் உருவம் தெரியத் தெரிய மனம் பின்வாங்குவது மனித இயல்பு.

அந்த உணர்வு உங்களுக்கு ஆழமாக இருந்தால், கறியே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நல்ல முடிவுதான். சாப்பிட விருப்பம் இருக்கிறது, ஆனால் தடுமாறுகிறேன் என்பவர்கள் மேலே படியுங்கள்.

படி 2: சிவப்பைக் கண்டு பயப்படாதீர்கள்

கறியிலிருந்து கசியும் சிவப்பு நீரை ரத்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். அறுத்தவுடனே ரத்தத்தின் பெரும்பகுதி வடிந்துவிடும். நீங்கள் பார்ப்பது தண்ணீரும், தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறப் புரதமும்தான். நடக்கிற தசைக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை என்பதால் கோழியின் காலிலும் தொடையிலும் இந்தப் புரதம் கூடுதல். நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் கால் கறி பழுப்பாகவும் இருப்பது இதனால்தான்.

எலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு கறை தெரிகிறதா? அது வேறு கதை. இளம் கோழியின் எலும்பு இன்னும் முழுதாக இறுகாமல் நுண்துளைகளோடு இருக்கும். உள்ளே இருக்கும் மஜ்ஜையின் நிறம் அந்தத் துளைகள் வழியாகச் சதைக்குக் கசிகிறது. உறைய வைத்த கோழியில் இது இன்னும் அதிகம். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும், உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

ஆனால் வெந்திருக்கிறதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்களே சமைத்தால் சமையல் வெப்பமானியைத் தடித்த சதையில் செருகுங்கள், முனை எலும்பில் படக் கூடாது. கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும்.

படி 3: துண்டை அடையாளம் காணுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். பாதித் தயக்கம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் வருவது. கடிக்கும்போது திடீரென்று ஏதோ ஒன்று பல்லில் தட்டுகிறது, உடனே குமட்டுகிறது. எது எங்கே இருக்கும் என்று முன்னாலேயே தெரிந்தால் அந்தத் திடுக்கிடல் வராது.

லெக் பீஸை எடுத்துக்கொள்வோம். சதை திரண்டிருக்கும் பக்கம் முழங்கால், கையால் பிடிக்கும் ஒல்லியான பக்கம் கணுக்கால். நடுவில் ஒரு பெரிய எலும்பு ஓடுகிறது. அதை ஒட்டியே, முழங்காலில் தொடங்கிக் கீழே வர வர மெலிந்து ஊசிபோல் முடியும் இன்னொரு எலும்பும் உண்டு. புதியவர்களைத் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் இதுதான். சதையோடு சேர்ந்து வந்துவிடும், வாய்க்குள் போனபிறகுதான் தெரியும். ஆகவே முதல் வாய்க்கு முன்பே சதையைக் கொஞ்சம் விலக்கி, அந்த ஊசி எலும்பைத் தேடி உருவித் தட்டோரத்தில் வைத்துவிடுங்கள். கணுக்கால் பக்கம் வெள்ளையாக, நாடா மாதிரி வருபவை தசைநாண்கள். பேச்சுவழக்கில் நரம்பு என்போம். அவை மெல்ல வராது. விழுங்க முயற்சிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

தொடைத் துண்டில் ஒரே எலும்புதான். ஊசி எலும்பு கிடையாது, சதையும் நிறைய. பழகத் தொடங்க இதைவிட நல்ல துண்டு இல்லை.

இறக்கை மூன்று பகுதி. தோளை ஒட்டியது ஒற்றை எலும்போடு சின்ன லெக் பீஸ் மாதிரியே இருக்கும். நடுப்பகுதி தட்டையானது, உள்ளே இரண்டு எலும்புகள், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. நுனியில் சதையே இல்லை, விட்டுவிடலாம். நடுப்பகுதிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு முனையில் இருக்கும் குருத்தெலும்பை விரலால் ஒடித்து நீக்குங்கள். இரண்டு எலும்புகளின் நுனியும் வெளியே தெரியும். மெல்லியதை முதலில் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். நன்றாக வெந்திருந்தால் சுத்தமாக வந்துவிடும். அடுத்து தடித்தது. இப்போது கையில் மிச்சம் இருப்பது எலும்பில்லாத கறி!

வராமல் அடம்பிடித்தால் கறி போதுமான நேரம் வேகவில்லை என்று பொருள். எலும்பையும் சதையையும் பிணைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம், நிதானமான சூட்டில் நீண்ட நேரம் வெந்தால்தான் குழைந்து ஜெலட்டினாகும். வீட்டில் பழகுகிறவர்கள் குழம்பிலோ மூடிய பாத்திரத்திலோ நிதானமாக வேகவைத்த கறியில் தொடங்குங்கள். அவசரமாகப் பொரித்ததோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 4: முதலில் கத்தியும் முள்கரண்டியும்

கையால் எடுக்கக் கூச்சமாக இருப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். முள்கரண்டியைச் சதைக்குள் செருகி எலும்பின் மேல் முட்டும்படி அழுத்திப் பிடியுங்கள். துண்டு நகராது. கத்தியை எலும்புக்குக் குறுக்கே போடாமல், எலும்பை ஒட்டி நீளவாக்கில் இறக்குங்கள். லெக் பீஸ் என்றால் கணுக்கால் பக்கத்தில் சுற்றி ஒரு கீறல் போட்டால் தசைநாண்கள் அறுந்துவிடும். அதற்குப் பிறகு சதை தானாக வழிவிடும். ஒரு பக்கத்தை எடுத்து முடித்தபின் திருப்பிப் போடுங்கள்.

எலும்பில் கொஞ்சம் கறி ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை விட்டுவிடலாம். தட்டில் எலும்பு கிறீச்சிடும்வரை சுரண்டுவதுதான் பார்ப்பவர்களுக்கு எரிச்சல்.

படி 5: கையால் எடுக்கும்போது

எலும்பைக் கையில் எடுப்பது நாகரிகமா என்ற கேள்வி இன்றைக்கு வந்ததல்ல. 1530இல் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் சிறுவர்களுக்காக எழுதிய நடத்தை நூலிலேயே, எலும்பைக் கடித்துக் குதறுவது நாயின் பழக்கம், சிறு கத்தியால் சதையை எடுப்பதே நாகரிகம் என்று சொல்லியிருக்கிறார். இன்று நிலைமை மேசைக்கு மேசை மாறுகிறது. விருந்து கொடுப்பவர் கையால் எடுத்தால் நீங்களும் எடுக்கலாம். அவர் கத்தியைத் தொட்டால் நீங்களும் கத்தி. தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு கையின் விரல்நுனிகளால் மட்டும் பிடியுங்கள். இன்னொரு கை தண்ணீர் டம்ளருக்கும் பரிமாறும் கரண்டிக்கும் சுத்தமாக இருக்கட்டும். பெரிதாகக் கடித்து இழுத்தால்தான் தோல் உரிந்து தாடையில் தொங்கும், குழம்பு தெறிக்கும். சின்னதாகக் கடித்து, வாயை மூடி மெல்லுங்கள். முடிந்தால் விரலால் பிய்த்து வாயில் போடுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் சுத்தம். விரலை நக்குவதற்குப் பதில் டிஷ்யூவில் துடையுங்கள்.

மஜ்ஜையை உறிஞ்சுவது பலருக்கு உயிர். நெருங்கியவர்களோடு இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறவர் என்றால், அந்தச் சத்தம் ஒன்றே அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிவிடும்.

படி 6: வாய்க்குள் எலும்பு வந்துவிட்டால்

பதற வேண்டாம், துப்பவும் வேண்டாம். நாக்கால் உதட்டருகே கொண்டுவந்து, ஒரு கையால் வாயை மறைத்து, மறு கையின் இரண்டு விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வையுங்கள். தனிக் கிண்ணம் இருந்தால் அதில் போடலாம், மேசை விரிப்பில் கூடாது. எலும்போடு சேர்த்துச் சிறு துண்டுகளாக வெட்டிச் சமைத்த கறியில் கூர்மையான சில்லுகள் இருக்கும். அதைப் பேசிக்கொண்டே சாப்பிடாதீர்கள்.

தொண்டையில் குத்திக்கொண்டால் சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கி உள்ளே தள்ளுவது ஆபத்து, இன்னும் ஆழமாகக் குத்தலாம். நேராக மருத்துவரிடம் போங்கள். பேசவோ இருமவோ மூச்சு விடவோ முடியாமல் ஒருவர் திணறினால், அது மூச்சடைப்பு. அவசர உதவியை அழைக்கச் சொல்லிவிட்டு, அவரை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும்.

படி 7: வேண்டாம் என்று சொல்வதற்கும் பழகுங்கள்

"எலும்பில்லாத துண்டாகக் கொடுங்கள், அதுதான் எனக்குச் சௌகரியம்" என்றால் போதும். முகம் சுளிக்காமல், காரணம் விளக்காமல், பரிமாறும்போதே சொல்லிவிடுங்கள். தட்டில் விழுந்தபிறகு ஒதுக்கி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். மற்றவர் ரசித்துச் சாப்பிடும்போது "ஐயோ, எப்படித்தான் கடிக்கிறீர்களோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை அவருடைய சாப்பாட்டையே கெடுத்துவிடும்.

பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தயங்குகிறவரை எல்லோர் முன்னாலும் கேலி செய்து சாப்பிடவைக்காதீர்கள். அதனால் யாரும் பழகியதில்லை, அடுத்த முறை பசிக்கவில்லை என்று சொல்லி ஒதுங்கத்தான் கற்றுக்கொள்கிறார்கள். தொடைக்கறியைக் கொஞ்சம் பிய்த்துத் தனியாக ஒரு கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். குழந்தைக்கு லெக் பீஸ் கொடுத்தால் அந்த ஊசி எலும்பை நீங்களே உருவிவிட்டுக் கொடுங்கள். மிஞ்சும் எலும்புகளை நாய்க்குப் போட வேண்டாம். வெந்த கோழி எலும்பு கூராகச் சிதறி அதன் தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடும்.