மொட்டை மாடி சோலார் மானியம்: வடசென்னை சிறு வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

விண்ணப்பத்துக்கு முன் இ.பி. கார்டில் கடைசி ஆறு ரீடிங்கைப் பாருங்கள். 2 மாதத்துக்கு 100 யூனிட் எப்படியும் இலவசம். மொத்தமே 200-க்குள் ஓடும் வீட்டில் சோலாருக்குப் போட்ட காசு திரும்ப வெகுகாலம் ஆகும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது ஃபேன். 75 வாட் பழைய சீலிங் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் அதே நேரத்துக்கு 22 யூனிட்தான் எடுக்கும். இரண்டு ஃபேனை மாற்றினாலே 64 யூனிட் மிச்சம்.

அதற்குப் பிறகும் 300 யூனிட்டுக்கு மேல் போகிறதா? அப்போது மத்திய அரசின் சோலார் மானியத் திட்டமான பி.எம். சூர்ய கர் உதவும். முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000. சென்னை வெயிலில் 1 கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், அதாவது 2 மாதத்துக்கு 240. ஆகவே 300 யூனிட் வீட்டுக்கு 1 கிலோவாட்டே போதும்; மீதி 60 இலவச 100-க்குள் அடங்கும். 78,000-ஐக் காட்டி விற்பவர்கள் 3 கிலோவாட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மீதிப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும். இடமும் பாருங்கள்: ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, பக்கத்து மாடியின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ விழாமல் வேண்டும்.

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளில் வேலை மாட்டிக்கொள்வது பெயரில்தான். இ.பி. சர்வீஸ் இன்னும் தாத்தா பேரில் இருக்கும், வங்கிக் கணக்கு பேரன் பேரில். அப்படியே விண்ணப்பித்தால் கடைசியில் மானியம் நிற்கும். வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றோடு இ.பி. பிரிவு அலுவலகத்தில் முதலில் பெயர் மாற்றுங்கள்.

பிறகு திட்டத்தின் இணையதளத்தில் மொபைல் எண்ணைப் பதிந்து, சர்வீஸ் நம்பரைக் கொடுங்கள். வடசென்னை நம்பர் 01-இல் தொடங்கும்; அதையும் சேர்த்துப் போட வேண்டும். ஒப்புதல் வந்ததும் அங்கே பதிவு பெற்ற நிறுவனத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பேனல் இந்தியாவில் செய்த செல் கொண்டதாக இல்லாவிட்டால் மானியம் கிடையாது. முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் கட்டுவீர்கள், மானியம் பின்னால் கணக்கில் விழும். 3 கிலோவாட் வரை ஈடு கேட்காமல் வங்கிகள் கடன் தருகின்றன. நெட் மீட்டர் (வாங்கும் கரண்டையும் திருப்பிக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடுவது) மாட்டி, இ.பி. ஆய்வு முடிந்ததும் எல்லாம் ஆயிற்று என்று விட்டுவிடாதீர்கள்: வங்கி விவரத்தை இணையதளத்தில் ஏற்றினால்தான் பணம் வரும்.

மாட்டும்போது அருகில் நில்லுங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் உப்புக் காற்றுக்கு பெயின்ட் அடித்த இரும்பு நிலைக்காது. கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) ஸ்டாண்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பேனல் தெற்கு பார்த்து, 13 டிகிரி சாய்வு. பேனல் பக்கம் (டி.சி.), வீட்டுக் கரண்ட் பக்கம் (ஏ.சி.), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த். புயல் அடிக்கும் ஊர் என்பதால் ஸ்டாண்டைத் தளத்தில் சும்மா வைக்கக் கூடாது. போல்ட்டு போட்ட இடத்தில் ஒழுகாமல் பூசச் சொல்லுங்கள். லாரிப் புழுதியும் சாம்பலும் படியும் இடங்களில் வாரம் ஒரு முறை காலையில் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வெயில் ஏறிய பேனலில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 5 ஆண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு.

பலர் ஏமாறும் இடம் இது: கரண்ட் போனால் இந்த சோலாரும் நிற்கும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். பேட்டரி தனிச் செலவு.

வாரியக் குடியிருப்பில் மாடி பொதுச் சொத்து என்பதால் ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போட முடியாது. குடியிருப்போர் சங்கமாக விண்ணப்பித்தால் தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொது இணைப்புகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். பொது இணைப்பு சங்கத்தின் பேரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.