விண்மீன் திரளைப் படிக்க நிறமாலையில் தொடங்குங்கள்

விண்மீன் திரள்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் படத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சுருண்ட கைகள், நடுவில் மஞ்சள் ஒளி, ஓரங்களில் நீலத் திட்டுகள். எனக்கும் அந்தப் படங்கள் மீது தீராத ஆசை உண்டு. ஆனால் ஒரு திரள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதில் இன்னும் விண்மீன்கள் பிறக்கின்றனவா, எப்போது பிறப்பு நின்றது, நடுவில் இருக்கும் கருந்துளை விழித்திருக்கிறதா என்பதையெல்லாம் படம் அரைகுறையாகத்தான் சொல்லும். நிறமாலைதான், அதாவது திரளின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான், தெளிவாகச் சொல்லும். அதனால் என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரே ஒரு நிறமாலையை முழுசாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆயிரம் திரள்களை ஒப்பிடுவது அப்புறம்.

இதற்குச் சொந்தத் தொலைநோக்கி தேவையில்லை. நியூ மெக்சிகோவில் அப்பாச்சி பாயிண்ட் என்ற இடத்தில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே, லட்சக்கணக்கான நிறமாலைகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அதன் ஸ்கைசர்வர் தளத்தில் ஒரு திரளைத் தேர்ந்தெடுத்தால் படமும், ஐந்து வடிகட்டிகளில் அளந்த பிரகாசமும், நிறமாலை வரைபடமும் கிடைக்கும். வரைபடத்தின் கிடை அச்சு அலைநீளம். பழைய நிறமாலைகளில் அது ஏறத்தாழ 3800 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) தொடங்கி 9200 வரை போகும். செங்குத்து அச்சு, அந்தந்த அலைநீளத்தில் வந்து சேர்ந்த ஒளியின் அளவு.

பிரபஞ்சம் விரிவதால் திரளின் ஒளி நீண்ட அலைநீளப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதுதான் செம்பெயர்ச்சி. அதைக் கணினி ஏற்கெனவே கணக்கிட்டு வரைபடத்தின் அருகிலேயே போட்டிருக்கும். அதை ஒரு காகிதத்தால் மறைத்துவிடுங்கள். நான் இன்றும் புதிய திரள் ஒன்றைப் பார்க்கும்போது அப்படித்தான் செய்கிறேன். விடையைப் பார்த்துவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும்.

வரிகளை அடையாளம் காண்பது

நிறமாலையில் இரண்டு விதமான அடையாளங்கள் இருக்கும். சட்டென்று மேலே எழும் கூர்முனைகள் வெளிவிடு வரிகள். சூடான வாயு வெளியிடும் ஒளி அது. கீழே இறங்கும் பள்ளங்கள் உட்கவர் வரிகள். விண்மீன்களின் மேலடுக்கு விழுங்கிக்கொண்ட ஒளி. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் வரி எங்கே விழும் என்பது ஆய்வகத்தில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான்: ஹைட்ரஜன் ஆல்ஃபா 6563, ஹைட்ரஜன் பீட்டா 4861, இரட்டை அயனி (இரண்டு எலக்ட்ரான்களை இழந்த) ஆக்சிஜன் 4959-ம் 5007-ம், ஒற்றை அயனி ஆக்சிஜன் 3727, கால்சியத்தின் இரண்டு பள்ளங்கள் 3934, 3968, சோடியம் 5893.

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு நிறமாலையில் மிக உயரமான கூர்முனை 6760 ஆங்ஸ்ட்ராமில் நிற்கிறது, இன்னொன்று 5007-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர் 5007-ஐப் பார்த்ததுமே "ஆக்சிஜன் வரி, இடமே மாறவில்லை, இது பக்கத்துத் திரள்" என்று முடிவு கட்டிவிடுவார். அவசரப்படக் கூடாது. 6760-ஐ ஹைட்ரஜன் ஆல்ஃபா என்று எடுத்துக்கொண்டால் நகர்வு 197 ஆங்ஸ்ட்ராம். அதை 6563-ஆல் வகுத்தால் 0.03. அதுதான் செம்பெயர்ச்சி. இப்போது மற்ற எல்லா வரிகளையும் 1.03-ஆல் பெருக்குங்கள். ஹைட்ரஜன் பீட்டா 4861-இலிருந்து 5007-க்கு வந்துவிடுகிறது! ஆக, அந்த இரண்டாவது கூர்முனை ஆக்சிஜனே இல்லை. உண்மையான ஆக்சிஜன் வரி 5157-இல் இருக்க வேண்டும். அங்கே போய்ப் பாருங்கள். அதன் இடப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அதன் ஜோடி 5108-இல் நிற்கும். சோடியம் பள்ளம் 6070-இல் இருக்கும். இத்தனையும் ஒத்துப்போனால்தான் விடை சரி. ஒற்றை வரியை நம்பி ஒரு திரளின் தொலைவைச் சொல்லவே கூடாது என்பது என் கறாரான விதி.

தொலைவு: 0.03-ஐ ஒளியின் வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 9,000 கிலோமீட்டர். பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியை ஒவ்வொரு மெகாபார்செக்குக்கும் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) நொடிக்கு 70 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், சுமார் 129 மெகாபார்செக், அதாவது ஏறக்குறைய 42 கோடி ஒளியாண்டு. இந்த நேர்க்கணக்கு சிறிய செம்பெயர்ச்சிகளுக்கு மட்டும்தான் சரிப்படும்.

ஒரு நுணுக்கம். நான் மேலே கொடுத்த எண்கள் காற்றில் அளந்த அலைநீளங்கள். ஸ்லோன் தரவுகள் வெற்றிடத்து அலைநீளத்தில் இருக்கும். அங்கே ஹைட்ரஜன் ஆல்ஃபா 6564.6. இரண்டையும் கலந்துவிட்டால் நொடிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை வரும். தொலைவைக் கணக்கிட அது பெரிதில்லை. திரளின் சுழற்சியை அளக்கப் போகிறவருக்கு அது பெரும் பிழை.

படம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஸ்டீஃபன் ஐவர் கூட்டத்தைப் பாருங்கள். எட்வார்ட் ஸ்டீஃபன் 1877-இல் கண்டுபிடித்தது. ஐந்து திரள்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதுபோலத் தெரியும். நிறமாலையைப் பார்த்தால் நான்கு ஏறத்தாழ 29 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கின்றன. என்ஜிசி 7320 மட்டும் சுமார் 4 கோடி ஒளியாண்டில், நமக்கு எவ்வளவோ பக்கத்தில் தனியாக இருக்கிறது.

நிறமாலைக்குள் இருக்கும் கடிகாரங்கள்

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹைட்ரஜன் ஆல்ஃபா உயரமாக எழுந்தால் அங்கே மிகவும் கனமான, சூடான விண்மீன்கள் இருக்கின்றன என்று பொருள். அவற்றின் புற ஊதா ஒளிதான் சுற்றியுள்ள ஹைட்ரஜனை அயனியாக்குகிறது. அவ்வளவு கனமான விண்மீன்கள் நெடுநாள் வாழ்வதில்லை. ஆகவே அந்த வரி, கடந்த ஒரு கோடி ஆண்டுக்குள் என்ன நடந்தது என்பதைக் காட்டும் கடிகாரம். இன்னொரு பக்கம் 4000 ஆங்ஸ்ட்ராம் அருகே பாருங்கள். அங்கே ஒளி படிக்கட்டுபோலச் சட்டென இறங்கியிருந்தால், உலோகங்கள் நிறைந்த, வயதான விண்மீன்கள் ஆட்சி செய்கின்றன. வானியலில் ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாமே உலோகம்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரமான வகை உண்டு. ஹைட்ரஜன் ஆல்ஃபா கூர்முனையே இருக்காது. ஆனால் ஹைட்ரஜனின் நீலப் பக்கத்து வரிகள் ஆழமான பள்ளங்களாக இருக்கும். அந்தப் பள்ளங்களை அவ்வளவு ஆழமாகப் பதிப்பவை ஏ வகை விண்மீன்கள்: சூரியனைவிடச் சூடானவை, ஆனால் மிகக் கனமானவற்றைவிட நெடுநாள் வாழ்பவை. கனமானவை எல்லாம் இறந்துவிட்டன, ஏ வகை இன்னும் இருக்கின்றன என்றால், கடந்த 100 கோடி ஆண்டுகளுக்குள் அங்கே விண்மீன் பிறப்பு சடாரென்று நின்றிருக்கிறது. ஒரு திரள் அடங்கிப்போன நேரத்தை ஒரே வரைபடத்தில் பார்க்கிறோம்! இப்படி ஒன்று கையில் கிடைத்தால் அதை விடாமல் ஆராயுங்கள். படத்தையும் எடுத்துப் பாருங்கள். சிலவற்றில் மங்கலான வால்கள் தெரியும், இன்னொரு திரளோடு மோதியதன் தடயம். அப்படிப்பட்ட வால்கள் ஈர்ப்பு இழுவையால் உருவாகும் என்பதை அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் 1972-இலேயே கணினிக் கணக்கில் காட்டியிருக்கிறார்கள்.

பிறக்கும் விண்மீன்கள் மட்டும்தான் வரிகளை எழுப்பும் என்று நினைத்துவிடக் கூடாது. கருந்துளையைச் சுற்றிச் சூடாகும் வாயுவும் எழுப்பும். இரண்டையும் பிரிக்க, ஆக்சிஜன் 5007-ஐ ஹைட்ரஜன் பீட்டாவோடும், நைட்ரஜன் 6584-ஐ ஹைட்ரஜன் ஆல்ஃபாவோடும் ஒப்பிடுங்கள். பால்ட்வின், ஃபிலிப்ஸ், டெர்லவிச் மூவரும் 1981-இல் வகுத்த முறை இது. இரண்டு விகிதங்களும் உயர்ந்திருந்தால் கருந்துளையின் மேல்தான் சந்தேகம். ஒவ்வொரு விகிதத்திலும் இரண்டு வரிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தூசி கெடுக்காது. முறையின் அழகே அதில்தான் இருக்கிறது. தூசியின் அளவையே அறிய வேண்டுமா? ஹைட்ரஜன் ஆல்ஃபா, பீட்டாவைவிட 2.86 மடங்கு இருப்பது இயல்பு. அதைவிட அதிகமாக வந்தால் தூசி நீல ஒளியைத் தின்றிருக்கிறது.

ஆனால் எந்த இடத்தின் நிறமாலை அது என்று கேட்க மறக்காதீர்கள். திரளின் ஒளியைக் கருவிக்குக் கொண்டுபோகும் ஸ்லோனின் பழைய ஒளியிழைகள் வானத்தில் 3 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம்தான் பார்க்கும். நம் 42 கோடி ஒளியாண்டுத் திரளில் அது நடுவிலுள்ள 6,000 ஒளியாண்டு மட்டும். திரள் ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம் என்றால், சுருள் கைகளைப் பற்றி அந்த நிறமாலை வாயே திறக்காது. இதற்காகத்தான் ஸ்லோனிலேயே மங்கா என்ற திட்டம் வந்தது; இழைக்கற்றையைத் திரளின் மேல் பரப்பி, சுமார் 10,000 திரள்களில் இடத்துக்கு இடம் நிறமாலை எடுத்திருக்கிறார்கள்.

விண்மீன்களாக மாறாத வாயுவைப் பார்க்க ரேடியோ அலை வேண்டும். நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டரில் பேசும். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள எம்81, எம்82, என்ஜிசி 3077 என்ற மூன்று திரள்களும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் தனித்தனியாக இருக்கின்றன. 21 சென்டிமீட்டர் வரைபடத்தில் மூன்றையும் ஹைட்ரஜன் ஓடைகள் பிணைத்திருப்பது தெரியும், அதாவது அவை ஒன்றையொன்று ஈர்ப்பால் இழுத்திருக்கின்றன. எம்82-இல் விண்மீன்கள் ஏன் இவ்வளவு மும்முரமாகப் பிறக்கின்றன என்பதற்கு அந்த வரைபடம்தான் பதில் தருகிறது.

பரிணாமத்துக்குப் போகும்போது

எந்தத் திரளும் நம் வாழ்நாளில் உருமாறிக் காட்டாது. எனவே தொலைவைக் காலமாக மாற்றிக்கொள்கிறோம். செம்பெயர்ச்சி 1 என்றால் 780 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த நிலை. 2 என்றால் ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல். பிரபஞ்சம் முழுவதிலும் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது அந்தக் காலத்தையொட்டித்தான். ஆனால் இது வெவ்வேறு வயதுக்காரர்கள் நிற்கும் ஒரு கூட்டத்தின் புகைப்படம் மாதிரி. அதில் உள்ள குழந்தை, பக்கத்தில் நிற்கும் கிழவரின் குழந்தைப் பருவம் அல்ல. செம்பெயர்ச்சி 2-இல் தெரியும் நீலத் திரளை இன்றைய சுருள் திரளின் மூதாதை என்று சொல்லிவிட முடியாது. அதனால் நிறை, சுற்றுச்சூழல் இரண்டும் ஒத்த கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்தைக் கூட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும்போது மூன்று பொறிகளில் கவனமாக இருங்கள். தொலைவில் பிரகாசமானவை மட்டுமே கண்ணில் படும். ஆகவே "அந்தக் காலத்துத் திரள்கள் எல்லாம் பிரகாசமானவை" என்பது நம் கருவியின் குறை. அடுத்தது, பரப்பின் பிரகாசம் செம்பெயர்ச்சியோடு ஒன்றைக் கூட்டி நான்காம் அடுக்குக்கு உயர்த்திய அளவில் குறையும். செம்பெயர்ச்சி 1-இல் 16 மடங்கு, 2-இல் 81 மடங்கு. மங்கலான வட்டத்தட்டு மறைந்து நடுப்பகுதி மட்டும் தெரிந்தால் திரள் சின்னது என்று தோன்றும். மூன்றாவதுதான் பலரும் மறப்பது: செம்பெயர்ச்சியால் ஒளி நீண்டு வருவதால், தொலைவுத் திரளின் சாதாரணப் படம் உண்மையில் அதன் புற ஊதாப் படம். புற ஊதாவில் பக்கத்துச் சுருள் திரள்கள்கூடத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஹபிள் தொலைநோக்கி 1.7 மைக்ரான் (17,000 ஆங்ஸ்ட்ராம்) வரைதான் பார்க்கும் என்பதால் ஆதித் திரள்கள் பல ஒழுங்கற்றவையாகத் தெரிந்தன. 2021 டிசம்பர் 25-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப், அகச்சிவப்பில் இன்னும் நீண்ட அலைகளைப் பார்த்தபோது, அவற்றில் கணிசமானவை ஒழுங்கான வட்டத்தட்டுகள் என்று தெரியவந்தது.

வெகுதூரத்துத் திரள்களுக்கு முதலில் கிடைப்பது நிறமாலை அல்ல, வடிகட்டிகள் வழியாக எடுத்த படங்கள்தான். ஓர் அலைநீளத்துக்குக் கீழே திரள் முற்றிலும் காணாமல் போனால், இடையிலுள்ள ஹைட்ரஜன் ஒளியை விழுங்கிவிட்டது என்று கருதி செம்பெயர்ச்சியை மதிப்பிடுகிறார்கள். நல்ல முறைதான், ஆனால் மதிப்பீடு மட்டுமே. சீயர்ஸ்-93316 என்ற திரளுக்கு இப்படிச் செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று 2022-இல் கணித்தார்கள். ஜேம்ஸ் வெப்பிலேயே நிறமாலை எடுத்தபோது அது 4.9 என்று வந்தது. தூசி படிந்த திரள் ஒன்றின் வலுவான வெளிவிடு வரிகள், வடிகட்டிகளில் விழுந்து அப்படி ஒரு தோற்றத்தை உண்டாக்கியிருந்தன. அதனால் சாதனைத் தொலைவுச் செய்தி எதைப் படித்தாலும், நிறமாலை எடுத்தார்களா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

பயிற்சிக்கு அடுத்த படியாக டெசி திட்டத்தின் தரவுகளை எடுத்துக்கொள்ளலாம். அரிசோனாவின் கிட் பீக்கில் 4 மீட்டர் தொலைநோக்கியில் 5,000 இழைகளை ரோபோக்கள் நகர்த்தி எடுக்கும் நிறமாலைகள் அவை. முதல் பெரிய வெளியீடு 2025 மார்ச்சில் வந்தது. நீங்கள் ஸ்லோனில் படித்த திரளே அதிலும் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிகளின் உயரம் ஒத்துப்போகாவிட்டால் உடனே திரள் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டெசி இழையின் அகலம் ஏறத்தாழ 1.5 வில்விநாடி, ஸ்லோனின் பழைய இழையில் பாதி. முதலில் அந்த வித்தியாசத்தைக் கணக்கில் கழியுங்கள்.